யாரிடம் முறையிடுவது?



அரசாங்க அலுவலகத்துக்குப் போய் வந்த கதை ஒன்று இல்லாத வீடு நம் தோட்டப்புறத்தில் இல்லை. ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, காலை பஸ்சைப் பிடித்துப் பட்டணம் போய், வரிசையில் நின்று, கவுண்டரை அடைந்ததும் "இந்தப் பாரம் சரியில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலோடு திரும்பிய அனுபவம் தாத்தாவுக்கும் உண்டு, பேரனுக்கும் உண்டு. அடுத்த வாரமும் அதே பதில் வந்தால் என்ன செய்வது? கவுண்டரில் இருப்பவரைப் பற்றி யாரிடம் சொல்வது? அவருக்கு மேலே இருப்பவரிடம் சொன்னால், தம் கீழே வேலை செய்பவரை அவர் விட்டுக்கொடுப்பாரா? நீதிமன்றம் இருக்கிறது என்றால், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் எங்கே? இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. உலகில் பல நாட்டு மக்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அந்த நாடுகள் கண்ட விடைகளில் ஒன்றன் வரலாற்றை இன்று பார்ப்போம்.

முறையீடு என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிவைத்த ஆராய்ச்சி மணிதான். கன்றை இழந்த பசு வந்து மணியை அடித்ததும், அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதும் நம் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பிலேயே தெரியும். ஒருமுறை வகுப்பில் இக்கதையை நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "பசு பாரம் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லையா, சார்?" என்று கேட்டான். அவன் தன் பாட்டியோடு அடிக்கடி ஆபீசுக்குப் போய் வருகிறவன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி உறுத்தத் தொடங்கியது. அந்தப் பாட்டியைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம்.

மணி கட்டிய அரசர்கள் வேறு நாடுகளிலும் உண்டு. நமக்கு வடக்கே உள்ள தாய்லாந்தில் சுகோதாய் என்ற பழைய தலைநகர் இருந்தது. அதை ஆண்ட ராம்காம்ஹேங் மன்னரின் பெயரால் 1292ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு ஒன்று உள்ளது. நகர வாயிலில் ஒரு மணி தொங்குகிறது, வழக்கோ மனக்குறையோ உடைய குடிமகன் எவனும் வந்து அதை அடிக்கலாம், மன்னர் அதைக் கேட்டு விசாரிப்பார் என்று அது கூறுகிறது. (அக்கல்வெட்டின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) கொரியாவில் மணிக்குப் பதிலாக முரசு. தேஜோங் என்ற மன்னர் 1401ஆம் ஆண்டில் அரண்மனையின் அருகே அதை வைத்தார். ஆனால் முரசை அடிக்கும் முன், உள்ளூர் அதிகாரி முதல் ஒவ்வொரு படியாக முறையிட்டுப் பலன் கிடைக்கவில்லை என்று காட்டியாக வேண்டும். எந்த அதிகாரியால் துன்பமோ அவரையே முதலில் போய்ப் பார்க்கவேண்டும் என்றால், அந்த முரசு எத்தனை தடவை முழங்கியிருக்கும்?

மணியானாலும் முரசானாலும் குறை ஒன்றுதான். அது தலைநகரில் இருக்கிறது, அரசனுடைய வாசலில் இருக்கிறது. அரசன் நல்லவனாக இருக்கும்வரை அதற்கு நாவு உண்டு. அரசன் ஊரில் இல்லையென்றால் என்ன ஆகும்?

அப்படி ஊரில் இல்லாமற்போன ஓர் அரசரிடமிருந்துதான் நம் வரலாறு தொடங்குகிறது. வட ஐரோப்பாவில் சுவீடன் என்ற குளிர்நாட்டை ஆண்ட பன்னிரண்டாம் சார்ல்ஸ் 1700ஆம் ஆண்டில் போருக்குப் புறப்பட்டவர். 1709இல் பொல்தாவா என்ற இடத்தில் ரஷ்ய மன்னர் பீட்டரிடம் படுதோல்வி அடைந்தார். தம் நாட்டுக்குத் திரும்ப வழியின்றித் தெற்கே ஓடித் துருக்கிய சுல்தானின் ஆட்சிப் பகுதியில் தஞ்சம் புகுந்தார். ஒரு மாதமன்று, இரு மாதமன்று, 1714 வரையில் அவர் அங்கேதான் இருந்தார். எண்ணிப் பாருங்கள்: அரசர் ஒரு மூலையில், நாடு மறு மூலையில். ஊரில் வரி வசூலிப்பவர் ஒழுங்காக வசூலிக்கிறாரா, நீதிபதி சட்டப்படி தீர்ப்புச் சொல்கிறாரா என்று யார் பார்ப்பது? 1713ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், திமூர்தாஷ் என்ற சிற்றூரில் தங்கியிருந்தபடி அவர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தம் சார்பில் எல்லா அதிகாரிகளையும் நீதிபதிகளையும் கண்காணிக்க ஒருவரை நியமிக்கும் ஆணை அது. அவருக்கு 'ஒம்புட்ஸ்மன்' என்று பெயர். சுவீடிய மொழியில் பிறர் சார்பில் நின்று செயற்படுகிறவர் என்று பொருள். துருக்கிய நாட்டில் மக்கள் சுல்தானிடம் மனுக் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டே அரசருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்று கூறுவோர் உளர். மறுப்போரும் உளர்.

இந்த அதிகாரி யாருடைய சார்பில் நின்றார்? அரசருடைய சார்பில். இதை மறவாமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன. 1809இல் சுவீடன் ரஷ்யாவிடம் பின்லாந்தை இழந்து தவித்துக்கொண்டிருந்தது. படை அதிகாரிகள் அப்போதைய மன்னரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவ்வாண்டு ஜூன் 6ஆம் நாள் புதிய அரசியல் சட்டம் எழுதப்பட்டது. அச்சட்டத்தை எழுதியவர்கள் ஒரு நுட்பமான காரியம் செய்தார்கள். அரசரின் கண்காணிப்பாளர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார், அவர் இருக்கட்டும். ஆனால் மக்களின் பேரவையும் தன் சார்பில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் என்று அதில் எழுதிவைத்தார்கள். அந்தப் பேரவையில் பிரபுக்கள், மதகுருமார், நகர வணிகர் ஆகியோரோடு உழவர்களுக்கும் தனி இடம் இருந்தது. 1810இல் லார்ஸ் அகஸ்டின் மன்னர்ஹைம் என்பவர் முதல்வராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசரோ அமைச்சரோ அவருக்குக் கட்டளையிட முடியாது. அவர் சிறைச்சாலைக்குள் போகலாம், நீதிமன்றத்துக்குள் போகலாம், அலுவலகக் கோப்புகளை எடுத்துப் பார்க்கலாம். சட்டத்தை மீறிய அதிகாரியை நீதிமன்றத்தில் நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் தரப்பட்டது.

இதற்கு முன்பே சுவீடனில் வேறொரு சட்டமும் வந்திருந்தது. 1766ஆம் ஆண்டில், பின்லாந்துப் பகுதியைச் சேர்ந்த ஆண்டர்ஸ் சைடேனியஸ் என்ற பாதிரியார் முன்னின்று பாடுபட்டு நிறைவேறிய சட்டம் அது. அரசாங்க அலுவலகத்தில் உள்ள பத்திரங்களைப் பொதுமக்கள் கேட்டால் காட்டவேண்டும் என்பது அதன் சாரம். இடையில் சில காலம் அது நலிந்தது, பின்னர் மீண்டும் உயிர் பெற்றது. நம் கருத்தில் ஒம்புட்ஸ்மனைக் காட்டிலும் இதுவே பெரிய காரியம். கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதன் யாரிடம் முறையிட்டாலும் வெறுங்கையோடுதான் நிற்கவேண்டும்.

சுவீடனில் இவ்வளவு நடந்தும், நெடுங்காலம் உலகம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. விடுதலை பெற்ற பின்லாந்து மட்டும் தன் 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் அதை எடுத்துக்கொண்டது. காரணம் விளங்குவது எளிது. பழைய காலத்தில் அரசாங்கம் என்றால் வரி, போர், சிறை. சாதாரண மனிதன் அதை விட்டு ஒதுங்கி வாழலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. ஓய்வூதியம், மருத்துவம், வீட்டு வசதி, உரிமப் பத்திரம் என்று பிறப்பு முதல் இறப்பு வரையில் அரசாங்கத்தின் கை படாத நாள் இல்லை என்றாயிற்று. கை நீண்டபோது அது தவறாகப் படும் இடங்களும் பெருகின. 1955இல் டென்மார்க் தன் முதல் ஒம்புட்ஸ்மனைத் தேர்ந்தெடுத்தது. ஸ்டீபன் ஹுர்விட்ஸ் என்ற அந்தச் சட்டப் பேராசிரியர் தம் பணியைப் பற்றிப் பிறநாட்டாருக்கு விளங்கும்படி எழுதினார், பேசினார். சுவீடனின் நாற்காலி கடல் கடந்தது அவரால்தான்.

அது கடல் கடந்த இடம் எது தெரியுமா? இலங்கையின் கண்டி. 1959இல் ஐக்கிய நாட்டு நிறுவனம் அங்கே ஒரு கருத்தரங்கு நடத்தியது. அதிகாரம் தவறாகப் பயன்படுத்தப்படும்போது குடிமக்களுக்கு என்ன பரிகாரம் என்பதே பொருள். ஹுர்விட்சின் கட்டுரை அங்கே பேசப்பட்டது. வந்திருந்த நியூசிலாந்துக்காரர்கள் அந்த எண்ணத்தைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். இதைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம். ஏனெனில் கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் அந்த நாளில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நம்மைப் போன்ற தமிழ்த் தொழிலாளர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர் ஆக்கப்பட்டிருந்தார்கள். கீழே மண்டபத்தில் குடிமகனின் உரிமை பேசப்பட்டது. மேலே மலையில் குடிமகன் என்ற பெயரே இல்லை. ஒம்புட்ஸ்மன் வந்திருந்தாலும் அவர்களுக்கு உதவியிருக்க முடியாது. சட்டத்தைத் தவறாக நடத்தும் அதிகாரியை அவர் திருத்துவார். சட்டமே தவறாக இருந்தால் அவர் கை எட்டாது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை, அதன் பின்வந்த சட்டங்கள் என்று பல படிகளைக் கடந்து 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் அம்மக்கள் காத்திருந்தார்கள்.

நியூசிலாந்து 1962இல் சர் கை பவ்ல்ஸ் என்பவரை நியமித்தது. இந்தியாவில் நியூசிலாந்தின் தூதராகப் பணியாற்றியவர் அவர். ஐரோப்பாவின் வடமூலைக்கு வெளியே தோன்றிய முதல் ஒம்புட்ஸ்மன் இவரே. புகார் கொடுப்பவர் ஒரு பவுன் கட்டணம் செலுத்தவேண்டும் என்று முதலில் வைத்திருந்தார்கள். பின்னாளில் அது நீக்கப்பட்டது. இவருக்குச் சுவீடனில் இருந்ததுபோல் அதிகாரியை நீதிமன்றத்தில் நிறுத்தும் அதிகாரம் இல்லை. கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம், 'இது தவறு, இப்படித் திருத்துங்கள்' என்று பரிந்துரைக்கலாம், கேளாவிட்டால் நாடாளுமன்றத்துக்குச் சொல்லலாம். அவ்வளவுதான். பல்லில்லாத பாம்பு என்று தோன்றுகிறதல்லவா? நடந்தது வேறு. தன் கோப்பை வெளியார் ஒருவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்தாலே பல அலுவலகங்கள் தம் தவற்றைத் தாமே திருத்திக்கொண்டன.

பிரிட்டனுக்கு இந்த ஞானம் ஒரு நிலத் தகராற்றில் பிறந்தது. நிலம் கையை விட்டுப் போன கதை நமக்கும் தெரிந்த கதையாதலால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். டார்செட் மாவட்டத்தில் கிரிச்செல் டவுன் என்ற இடத்தில் 725 ஏக்கர் நிலத்தை 1938இல் விமானத்துறை அமைச்சு எடுத்துக்கொண்டது. குண்டு போட்டுப் பழகுவதற்கு. தேவை தீர்ந்ததும் பழைய உரிமையாளருக்கே முதலில் தருவோம் என்று 1941இல் பிரதமர் சர்ச்சில் வாக்களித்தார். போர் முடிந்தது. நிலம் திரும்பவில்லை. விவசாய அமைச்சின் கைக்கு அது மாறியது. அதிகாரிகள் அதை ஒரே பண்ணையாக்கித் தாம் விரும்பியவருக்குக் குத்தகைக்கு விட முடிவு செய்தார்கள். விண்ணப்பம் செய்தவர்களுக்கோ, உங்களையும் கவனிப்போம் என்று எழுதினார்கள். உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது, வெளியே நாடகம். நிலத்தின் ஒரு பகுதிக்கு உரியவராக இருந்த பிரபு போர்க் காலத்திலேயே இறந்துவிட்டார். அவருடைய மகளின் கணவர், கடற்படையில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் மார்டென், விடாமல் எழுதினார், நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடித்தார், அக்கம்பக்கத்து விவசாயிகளைத் திரட்டினார். 1954இல் பகிரங்க விசாரணை நடந்தது. அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் வெளியே வந்தன. விவசாய அமைச்சர் சர் தாமஸ் டக்டேல் அவ்வாண்டு ஜூலையில் பதவி விலகினார்.

அமைச்சர் விலகியதைப் பலரும் பெருமையாகப் பேசுவார்கள். நமக்கு வேறொன்று படுகிறது. போராடியவர் பிரபுக் குடும்பத்து மாப்பிள்ளை. எழுதத் தெரிந்தவர், பெரிய மனிதர்களைத் தெரிந்தவர். அவருக்கே இத்தனை ஆண்டு அலைச்சல். ஒரு பண்ணைக் கூலிக்காரருடைய அரை ஏக்கர் போயிருந்தால் யார் விசாரணை வைத்திருப்பார்?

இக்கேள்வியை அந்நாட்டிலும் சிலர் கேட்டார்கள். 1961இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. பிரிட்டனுக்கும் ஒம்புட்ஸ்மன் தேவை என்று அது கூறியது. அந்த ஆய்வை நடத்தியவர் சர் ஜான் வயட். 1955 முதல் 1958 வரையில் சிங்கப்பூரின் தலைமை நீதிபதியாக இருந்தவர் அவர்தான். 1967இல் சட்டம் நிறைவேறியது. ஆனால் பிரிட்டிஷ்காரர் தமக்கே உரிய எச்சரிக்கையோடு ஒரு வேலி போட்டார்கள்: குடிமகன் நேரே புகார் செய்ய முடியாது, தன் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகத்தான் அனுப்பவேண்டும். அப்படி இருந்தும் முதல் ஆண்டிலேயே ஒரு பெரிய வழக்கு வந்தது. ஹிட்லரின் ஜெர்மனியில் சாக்சன்ஹௌசன் வதை முகாமில் அடைபட்டிருந்த பிரிட்டிஷ் போர்வீரர்கள் சிலருக்கு, 'நீங்கள் இருந்தது முகாமைச் சேர்ந்த இடமன்று' என்று கூறி வெளியுறவு அமைச்சு இழப்பீடு மறுத்திருந்தது. பன்னிருவர் முறையிட்டார்கள். ஒம்புட்ஸ்மன் சர் எட்மண்ட் காம்ப்டன் கோப்புகளைப் படித்துவிட்டு, அமைச்சு நடந்துகொண்ட முறை தவறு என்று எழுதினார். வெளியுறவு அமைச்சர் அதை முழு மனத்தோடு ஏற்கவில்லை. ஆனால் 1968இல் பணம் கொடுக்கப்பட்டது.

இதே காலத்தில் ஆப்பிரிக்காவில் தன்சானியா வேறொரு வழியில் போனது. அன்று அங்கே பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதத் தெரியாதவரிடம் 'புகாரை எழுதி அனுப்பு' என்றால் அது கேலியல்லவா? 1966இல் அமைந்த நிரந்தர விசாரணை ஆணையம் ஊர் ஊராகச் சென்றது. மக்களைக் கூட்டி, எங்கள் வேலை இது, உங்கள் குறை எது என்று கேட்டது. வாயால் சொன்னதை எழுதிக்கொண்டது. அதன் குறை என்னவென்றால், அது அதிபருக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டது. துருக்கியில் இருந்த சார்ல்ஸ் மன்னரின் ஆள் போன்றது. இருந்தாலும், தலைநகரில் சுதந்திரமாக உட்கார்ந்திருப்பவரைவிட, மரத்தடிக்கு வந்து காது கொடுப்பவர் ஏழைக்கு உதவியாக இருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது. இரண்டும் ஒருங்கே அமைந்தால் நல்லது. அமைவது அரிது.

அண்டை நாடுகளைப் பற்றி இரண்டே வார்த்தை. சிங்கப்பூரில் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையிலான அரசியல் சட்டக் குழு 1966இல் ஒம்புட்ஸ்மன் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்று நடத்தவில்லை. இந்தியாவில் 1963இல் எல்.எம். சிங்வி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இதற்கு 'லோக்பால்' என்று அழகாகப் பெயர் சூட்டினார். 1968இல் முதல் மசோதா வந்தது. அதன்பின் எத்தனையோ மசோதாக்கள் வந்து போய், 2013இல்தான் சட்டம் ஆயிற்று. முதல் லோக்பால் பதவியேற்றது 2019இல். பெயர் வைத்த குழந்தை பிறக்க 50 ஆண்டு ஆயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரர் ஆட்சியில் நம் முன்னோர் யாரிடம் முறையிட்டார்கள்? கங்காணியிடம் சொன்னால் கிராணி, கிராணியிடம் சொன்னால் துரை. அதற்கு மேலே அரசாங்கத்தின் தொழிலாளர் இலாகா இருந்தது. அதன் அதிகாரிகளில் தமிழ் படித்த வெள்ளையரும் இருந்தனர். 1922ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தை அடுத்து, இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் நியமிக்கப்பட்டார். அவர் தோட்டங்களைப் பார்வையிட்டார், தொழிலாளர் குறைகளைக் கேட்டார், ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். குறை கேட்கும் அதிகாரி என்ற பெயருக்கு அருகில் வந்தவர் அவர்தான். ஆனால் அவர் கேட்கலாம், எழுதலாம், கட்டளையிட முடியாது. அறிக்கை இந்தியாவுக்குப் போகும்.

கேட்கும் காதுகள் போதாதபோது என்ன ஆகும் என்பதை 1941ஆம் ஆண்டு காட்டியது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சம்பள உயர்வு கேட்டார்கள், பள்ளிக்கூடம் கேட்டார்கள், மருத்துவ வசதி கேட்டார்கள். அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள் என்று. இந்தச் சைக்கிள் கோரிக்கையைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு மனம் கனக்கும். இதைக் கேட்பதற்கு ஒரு வேலைநிறுத்தமா வேண்டும்? ஆனால் அதை வாங்கிக்கொள்ள எந்தக் கவுண்டரும் இல்லையே! தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படைகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

விடுதலைக்குப் பின், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெறவேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்த தோட்டத் தொழிலாளர் பலர் என்ன செய்வதென்று அறியாமல் கப்பலேறினர். பிறந்தது இங்கே, பத்திரம் இல்லை என்று கலங்கியவர்கள் அவர்களில் பலர். எங்கே கேட்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும் என்று தெரிந்திருந்தால் தங்கியிருக்கக்கூடியவர்களும் அந்தக் கப்பல்களில் போனார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1969 மே கலவரத்துக்குப் பின் நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டு, 1971 பிப்ரவரியில் மீண்டும் கூடியது. அதே ஆண்டு ஜூலையில், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, பொதுப் புகார் பிரிவு தொடங்கப்பட்டது. மலாய் மொழியில் பிரோ பெங்காடுவான் அவாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை, குடிமகன் நேரே புகார் செய்யலாம். இந்த விதத்தில் நம் ஏற்பாடு பிரிட்டனுடையதைவிட எளியது. பின்னாளில் அலுவலர்கள் நடமாடும் கவுண்டரோடு ஊர்களுக்கு வந்து புகார்களைப் பெற்றதும் உண்டு. ஆனால் முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னதை இப்பொழுது எடுங்கள். இப்பிரிவு பிரதமர் துறையின் கீழ் அமைக்கப்பட்டது, நாடாளுமன்றத்தின் கீழ் அன்று. அதாவது 1713ஆம் ஆண்டு வகை, 1809ஆம் ஆண்டு வகையன்று. நம் நாட்டுக்கும் சுதந்திரமான ஒம்புட்ஸ்மன் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக எழுந்து வந்திருக்கிறது.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது அரசாங்க அலுவலகங்களைப் பற்றிய புகாருக்கு உரியது. தோட்ட நிர்வாகம் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் அது தொழிற்சங்கத்துக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் போகவேண்டிய காரியம். அங்கே கொடுத்த மனு அசையாமல் கிடந்தால், 'அசையவில்லை' என்பதுதான் இங்கே புகார். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கையும், அரசாங்கத்தின் கொள்கை முடிவையும் இது தொடாது.

அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். நம் பள்ளி இருக்கும் தோட்டத்தில் இப்பொழுது பால்மரம் கிடையாது, எல்லாம் செம்பனை. பாட்டி பால்மரக் காலத்து மனுஷி. அதே தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே கிழவியானவர். கையில் சிவப்புக் கார்டு. குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. போகும்போதெல்லாம் ஒரே பதில்: பரிசீலனையில் இருக்கிறது.

"வாத்தியாரே, ஒரு காயிதம் எழுதிக் குடுங்க" என்று வந்தார். எழுதிக் கொடுத்தோம். இரண்டு பக்கம். அவர் பட்ட பாட்டையெல்லாம் உருக்கமாக எழுதினோம். எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது பாட்டி அழுதார். நமக்கும் பெருமையாக இருந்தது. கடிதத்தை அதே அலுவலகத்துக்கு அனுப்பினோம். ஆறு மாதம் ஆயிற்று, பதில் இல்லை. நகலை எடுத்து மீண்டும் படித்தபோதுதான் நம் தவறு தெரிந்தது. கண்ணீர் இருந்தது, தேதி இல்லை. எந்த நாள் போனார், எந்தக் கவுண்டர், கோப்பு எண் என்ன, ஒன்றும் இல்லை. அதை வாங்கிப் படிக்கும் அதிகாரி நல்லவராகவே இருந்தாலும், எந்த அலமாரியைத் திறப்பார்? பயிற்சிக் கல்லூரியில் கடிதம் எழுதக் கற்றுப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கும் நாமே இப்படிச் செய்தோம்.

பாட்டியை அழைத்து, எந்தெந்த நாளில் போனீர்கள் என்று கேட்டோம். "அதெல்லாம் யாரு கண்டா?" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். திறந்தால், உள்ளே வரிசை எண் சீட்டுகள். ஆபீசில் இயந்திரம் அச்சிட்டுத் தரும் சின்னச் சீட்டுகள். நாளும் மணியும் அதில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார், அரசாங்கம் கொடுத்த காகிதம் என்பதற்காக ஒன்றையும் எறியாமல் பத்திரப்படுத்தியிருந்தார். பதினொன்று இருந்தன. சிலவற்றில் மை மங்கிவிட்டது. பேரன் அவற்றை விளக்கடியில் பிடித்துப் படித்தான், நாம் எழுதிக்கொண்டோம்.

இந்தத் தடவை கடிதம் அரைப் பக்கம்தான். நாள், மணி, கோப்பு எண், ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட பதில். சீட்டுகளின் நகலை இணைத்தோம். ஒரு பிரதியை அந்த அலுவலகத்துக்கும், மற்றொன்றை அதற்கு மேலே புகார் வாங்கும் இடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. கோப்பு வேறோர் ஊருக்குத் தவறுதலாக அனுப்பப்பட்டு அங்கே இருந்திருக்கிறது, வருந்துகிறோம், இன்ன தேதியில் நேரில் வரவும் என்று இருந்தது. நீலக் கார்டு கைக்கு வர அதன் பிறகும் ஓர் ஆண்டுக்கு மேல் பிடித்தது.

கார்டு வந்த அன்று பாட்டி அதைத் தலையணை உறைக்குள் வைத்தாராம். கோப்பு காணாமற்போனதை ஒப்புக்கொண்ட அந்தக் கடிதத்தை மட்டும் மடித்துப் பிஸ்கட் டின்னில், சீட்டுகளோடு போட்டு மூடினார் என்று பேரன் வந்து சொன்னான்.